பட்டியலில் ஐயாவின் பெயர்

தொலைதூரக் கல்வியில் எம்.ஏ. வரலாறு சேர்ந்தபோது எனக்கு முப்பத்தொன்பது வயது. பிள்ளையார்பாளையத்தில் ஒரு பட்டுச் சேலை முதலாளியின் டிசைன் அறையில், கம்ப்யூட்டரில் கரையும் முந்தியும் வரைவது என் வேலை. அன்னம், யானை, மாங்காய் எல்லாவற்றையும் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, எந்த இழை மேலே எழ வேண்டும், எது கீழே தங்க வேண்டும் என்று ஒவ்வொரு கட்டமாகக் குறிக்க வேண்டும். பதினைந்து வருஷம் திரையைப் பார்த்துப் பழகியவள் நான். இணையத்தில் எதையும் தேடி எடுப்பது பெரிய காரியமில்லை என்ற நினைப்பு எனக்கு இருந்தது.

இரண்டாம் ஆண்டில் ஒரு நீளக் கட்டுரை எழுத வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் சார் தலைப்பைக் கரும்பலகையில் எழுதினார். ஏதாவது ஒரு நாட்டின் உள்நாட்டுப் போர். அதைப் படிப்பதற்கு இணையத்தில் என்ன ஆதாரங்கள் இருக்கின்றன, எதை எவ்வளவு நம்பலாம் என்று ஆராய்ந்து எழுத வேண்டும். பக்கத்தில் இருந்தவர்கள் அமெரிக்கா என்றும் ஸ்பெயின் என்றும் எடுத்துக்கொண்டார்கள். நான் இலங்கையை எடுத்தேன். காரணம் ஒன்றும் பெரிதாக இல்லை. தமிழிலேயே நிறையக் கிடைக்கும், இங்கிலீஷோடு மல்லுக்கட்ட வேண்டாம் என்று நினைத்தேன்.

நிறையக் கிடைத்தது. அதுதான் தொந்தரவாகப் போயிற்று.

மதியச் சாப்பாட்டு இடைவேளையில் டிசைன் அறையிலேயே உட்கார்ந்து தேடுவேன். எரிந்துபோன ஒரு பேருந்தின் படம் ஒன்று. ஒரு தளத்தில் அது கிழக்கில் ஓர் ஊர் என்று போட்டிருந்தது. இன்னொன்றில் வடக்கில் ஓர் ஊர், பத்து வருஷம் கழித்து. மூன்றாவது தளத்தில் அதே படத்துக்குக் கீழே இலங்கையே இல்லை, வேறு தேசம். ஒரே ஊரின் பெயர் தமிழில் ஒன்று, சிங்களத்தில் ஒன்று, இங்கிலீஷில் நாலு எழுத்துக்கூட்டல். எந்தப் பெயரில் தேடுகிறேனோ அதற்கேற்ற மாதிரி ஒரு போர் வந்து நின்றது. நல்ல கட்டுரை என்று குறித்து வைத்த பக்கம் அடுத்த வாரம் போனால் திறக்காது. வீடியோ பார்த்தால் பின்னணியில் மத்தளமும் எக்காளமும், ஒரு நிமிஷத்துக்கு மேல் கேட்க முடியாது.

கேள்வி கேட்டால் பதில் சொல்லும் செயலி ஒன்று போனில் இருந்தது. அதனிடமும் கேட்டேன். அது மளமளவென்று சொல்லி, ஆதாரமாக ஒரு புத்தகத்தின் பெயரும் பக்க எண்ணும் கொடுத்தது. எனக்கு அப்பாடா என்று இருந்தது. இரண்டு நாள் தேடினேன். அப்படி ஒரு புத்தகமே எங்கேயும் இல்லை. திரும்பப் போய்க் கேட்டால், மன்னிக்கவும் என்று சொல்லி வேறொரு புத்தகத்தைக் கொடுத்தது. அதுவும் இல்லை.

ஒரு மாதம் இப்படிப் போன பிறகு எனக்குப் பிடிமானம் கிடைத்த மாதிரி ஒன்று நடந்தது. அங்கே வெளிவந்த பழைய தமிழ்ப் பத்திரிகைகளை ஸ்கேன் செய்து வைத்திருக்கும் ஓர் இணைய நூலகத்தில், பேருந்து ஒன்று கண்ணிவெடியில் சிக்கிய செய்தியைப் படித்தேன். கீழே இறந்தவர்களின் பட்டியல். பெயர், வயது, ஊர், தொழில். ஒரு மனித உரிமை அமைப்பின் பழைய தளத்தில் தேடினால் அங்கேயும் அதே பட்டியல். வெளிநாட்டில் இருப்பவர்கள் நடத்தும் நினைவுத் தளம் ஒன்றில் அதே பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு மெழுகுவர்த்திப் படம். கண்ணிவெடியை யார் வைத்தார்கள் என்பதில் மூன்றும் மூன்று விதமாகப் பேசின. ஆனால் செத்தவர்கள் விஷயத்தில் மூன்றும் ஒன்று. எனக்கு நெஞ்சில் பாரம் குறைந்தது. ஞாயிற்றுக்கிழமை சாரிடம் காட்டினேன். அவரும் பார்த்துவிட்டு, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத மூன்று ஆதாரங்கள் ஒத்துப்போகின்றன, கட்டுரைக்கு இதையே நடுநாயகமாக வைத்துக்கொள்ளுங்கள் என்றார்.

எங்கள் பட்டறையில் முந்தி முடிச்சுப் போடும் அக்கா ஒருவர் இருந்தார். தறியிலிருந்து இறங்கிய சேலையின் ஓரத்து இழைகளைச் சேர்த்து முறுக்கிக் குஞ்சமாகக் கட்டுவது அவர் வேலை. என்னைவிட ஆறேழு வயது பெரியவர். இலங்கையிலிருந்து சின்னப் பிள்ளையாகப் படகில் வந்தவர், முகாமில் வளர்ந்தவர், ஐயம்பேட்டையில் கல்யாணமாகி வந்தவர் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் அவர் பேச்சில் அந்தச் சாயலே இருக்காது. எங்களை மாதிரியே பேசுவார். அதனாலோ என்னவோ, இலங்கை என்று நான் தலைப்பு எடுத்தபோது அவர் ஞாபகம் எனக்கு வரவே இல்லை. இதை இப்போது எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. பக்கத்து அறையில் இருந்தவரை விட்டுவிட்டு ஊர் உலகமெல்லாம் தேடிக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கு மதியம் அந்தப் பட்டியலை அச்செடுத்து மேசையில் வைத்திருந்தேன். அக்கா சாப்பாட்டு டப்பாவோடு என் அறைக்கு வந்தார். என்னம்மா படிக்கிறே என்று கேட்டார். நான் சொன்னேன். எந்த ஊர் என்றார். ஊரின் பெயரைச் சொன்னதும் டப்பாவைத் திறந்த கை நின்றது.

"அது எங்க ஊருதான்மா."

தாளை எடுத்துக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் படித்தார். விரல் ஒரு வரியில் நின்றது. அங்கேயே இருந்தது. நான் எட்டிப் பார்த்தேன். ஒரு பெயர், முப்பத்தொரு வயது, தையல்காரர்.

"இது எங்க அப்பா பேருபா," என்றார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அக்காவின் அப்பா ஐயம்பேட்டையில் மகளோடுதான் இருக்கிறார். எழுபது வயதைத் தாண்டியவர். சேலைகளுக்கு ஃபால்ஸ் தைத்துத் தருவார். நானே இரண்டு சேலை கொடுத்து வாங்கியிருக்கிறேன். அவரை ஐயா என்று கூப்பிட்டுத்தான் பழக்கம். பெயர் என்ன என்று ஒருநாளும் கேட்டதில்லை. அதே பெயரில் ஊரில் இன்னொருவர் இருந்திருக்கலாம் என்றேன். அதே ஊர், அதே வயது, அதே தையல் வேலையா என்று அக்கா கேட்டார். இருவரும் தாளைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தோம். சாப்பிடவில்லை. சித்தப்பா ஒருவர் பேருந்தில் போகும்போது செத்துப்போனது தெரியும் என்றும், அது இந்தப் பேருந்தாக இருக்கலாம் என்றும் அக்கா சொன்னார். பட்டியலில் சித்தப்பாவின் பெயரைத் தேடினோம். மேலிருந்து கீழே மூன்று முறை தேடினோம். இல்லை.

அப்பாவிடம் காட்டலாமா வேண்டாமா என்று அக்காவுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. நாலு நாள் அந்தத் தாள் என் மேசை இழுப்பறையில் கிடந்தது. ஐந்தாம் நாள் அக்காவே, சனிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வா, நீயே காட்டு, என்னால் ஆகாது என்றார்.

ஷேர் ஆட்டோவில் ஐயம்பேட்டைக்குப் போனேன். ஐயா வாசல் பக்கமாக மெஷினைப் போட்டு உட்கார்ந்து, ஒரு பாக்கு நிறச் சேலைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தார். தாளைக் கொடுத்தேன். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, எல்லாப் பெயரையும் வாசித்தார். நடுவில் இரண்டு மூன்று பெயர்களுக்கு, இவன் கடைக்காரன், இது வாத்தியாரின் மகள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். தன் பெயர் வந்த இடத்தில் அவர் திடுக்கிடவில்லை. அது என்னை இன்னும் குழப்பியது.

"இது நான்தான் பிள்ளை," என்றார். "பேப்பரில வந்தது எண்டு அப்பவே சொன்னவை. நான் கண்ணால இண்டைக்குத்தான் பாக்கிறன்."

பிறகு மெஷினை நிறுத்திவிட்டுச் சொன்னார். அன்றைக்கு அவருக்குக் கடுமையான காய்ச்சல். கடைக்கு நூலும் பொத்தானும் வாங்க டவுனுக்குப் போக வேண்டும். நான் போகிறேன் என்று தம்பி சொன்னார். தம்பியின் அடையாள அட்டை தொலைந்துபோய் ஒரு மாதம் ஆகியிருந்தது. அட்டை இல்லாமல் வழியிலிருந்த சோதனைச் சாவடியைத் தாண்ட முடியாது. அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே முகம் என்று ஊரே சொல்லும். ஐயா தன் அட்டையைக் கொடுத்து அனுப்பினார். வெடித்த பேருந்திலிருந்து எடுத்தவர்களை முகம் பார்த்து அறிய முடியவில்லை. சட்டைப் பையில் இருந்த அட்டையைப் பார்த்துப் பெயரை எழுதிக்கொண்டார்கள்.

நான் உயிரோடு இருக்கிறேன் என்று நீங்கள் போய்ச் சொல்லவில்லையா என்று கேட்டேன். கேட்டபிறகுதான் அது எப்படிப்பட்ட கேள்வி என்று உறைத்தது. போனால், உன் அட்டையோடு போனவன் யார், ஏன் போனான் என்று கேட்பார்கள், என் கையிலும் அட்டை இல்லை என்றார். ஒரு மாதத்துக்குள் மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு படகேறிவிட்டார். ராமேசுவரத்துக் கரையில் பெயர் கேட்டார்கள். தன் பெயரைச் சொன்னார். எழுதிக்கொண்டார்கள்.

"அங்க நான் செத்தவன். இங்க அதே பேரில அகதி," என்றார். குரலில் ஏற்ற இறக்கம் இல்லை.

வீட்டுக்கு வந்து என் கட்டுரையை எடுத்துப் பார்த்தேன். மூன்று ஆதாரங்கள் ஒத்துப்போவதால் இந்தப் பட்டியலை முழுமையாக நம்பலாம் என்று நானே எழுதியிருந்தேன். சரிபார்த்ததில் இன்னொன்றும் தெரிந்தது. மூன்றும் தனித்தனி இல்லை. நினைவுத் தளம் மனித உரிமைத் தளத்திலிருந்து எடுத்திருந்தது. மனித உரிமைத் தளம் பத்திரிகையிலிருந்து எடுத்திருந்தது. ஓர் எழுத்துப் பிழைகூட மூன்றிலும் ஒரே இடத்தில் இருந்தது. இருந்தது ஒரே ஓர் ஆதாரம். அதை நான் மூன்று முறை எண்ணியிருக்கிறேன்.

சரி, இப்போதாவது உண்மை கையில் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். ஐயா சொன்னதை அப்படியே எழுதி முடித்து, திங்கட்கிழமை அக்காவிடம் படித்துக் காட்டினேன். குஞ்சம் கட்டிக்கொண்டே கேட்டார். காய்ச்சல் வந்த இடத்தில் தலையை நிமிர்த்தினார்.

"எங்கம்மா வேற மாதிரில்ல சொல்லிக்கினு இருந்தாங்க. அப்பா சட்டை கொடில தொங்கிக்கினு இருந்துச்சாம். சித்தப்பா சட்டை காயலன்னு இதை எடுத்து மாட்டிக்கினு போயிட்டாராம். அப்பா தூங்கிக்கினு இருந்தாராம்மா. யாரும் எதையும் குடுக்கலியே."

அக்காவின் அம்மா இறந்து எட்டு வருஷமாகிறது. உயிரோடு இருந்தவரை, சித்தப்பா பேச்சு வந்தால் அந்தச் சட்டையைத்தான் சொல்வாராம். சட்டைப் பையில் அட்டை இருந்திருக்கும் என்று அக்காவுக்கு இத்தனை நாளாகத் தோன்றியதே இல்லை. அது வெறும் சட்டைக் கதை என்றே நினைத்திருந்தார்.

இப்போது என்னிடம் இரண்டு கதை. ஒன்றில் அண்ணன் கொடுத்தார். இன்னொன்றில் தம்பி தெரியாமல் எடுத்துப் போனார். அட்டை காணாமல்போய் ஒரு மாதமான ஒருவர், அட்டை இருப்பது தெரியாமலா சாவடிப் பக்கம் கிளம்பியிருப்பார் என்று யோசித்தேன். அப்புறம், மனைவி ஒருவேளை கணவனைக் காப்பாற்றுவதற்காக மகளிடம் அப்படிச் சொல்லியிருக்கலாம் என்று யோசித்தேன். அப்புறம், அடுத்தவர் வீட்டுச் சாவை இப்படிப் போட்டுத் துருவுவதற்கு நான் யார் என்று இருந்தது. சாரிடம் போனில் கேட்டேன். அவர், நேரில் கேட்டறிந்ததும் ஆதாரம்தான், ஆனால் உங்கள் தலைப்பு இணைய ஆதாரம் அம்மா, எதற்கும் அவருடைய சம்மதத்தை வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்.

சம்மதம் கேட்கத்தான் இரண்டாவது முறை போனேன். அக்கா அன்று வீட்டில் இல்லை. மனித உரிமைத் தளத்தில் திருத்தம் சொல்வதற்கு ஒரு பக்கம் இருக்கிறது, அதில் எழுதினால் உங்கள் பெயரை எடுத்துவிட்டுத் தம்பியின் பெயரைப் போடுவார்கள் என்று சொன்னேன். ஐயா ஊசியில் நூல் கோத்துக்கொண்டே கேட்டார். கட்டுரையிலும் வேண்டாம், தளத்திலும் வேண்டாம் என்றார். நான் செத்தவன் என்று எழுதியிருந்தபடியால்தான் எங்களை யாரும் தேடவில்லை, அது அப்படியே இருக்கட்டும் என்றார். நான் வற்புறுத்தவில்லை. எழுந்து செருப்பை மாட்டும்போது கூப்பிட்டார்.

"காய்ச்சல் எண்டு சொன்னன் தானே. காய்ச்சல் இல்லைப் பிள்ளை. பயம். முதல் நாள் அந்தச் சாவடியில ரெண்டு பேரைப் பிடிச்சுக்கொண்டு போனவை. போக எனக்குப் பயம். எனக்கு ஏலாது எண்டு படுத்திட்டன். அவன் நம்பினான்."

செருப்பைக் கழற்றிவிட்டுத் திரும்ப உட்கார்ந்தேன். அவர் தேத்தண்ணி குடிக்கிறியா என்று கேட்டு, தானே போட்டுக் கொண்டுவந்தார். குடித்துவிட்டு வந்தேன்.

சட்டைக் கதையை அவரிடம் கேட்கலாமா என்று வரும் வழியெல்லாம் யோசித்தேன். கேட்கவில்லை. பயந்துபோய்ப் படுத்ததை அவர் எத்தனை வருஷம் சுமந்தாரோ. நிஜமாகவே தூங்கிக்கொண்டுதான் இருந்தாரோ, பின்னால் தானே ஒரு குற்றத்தை உண்டாக்கி வைத்துக்கொண்டாரோ. மனைவி சொன்னது நிஜமாக இருந்தால் அது அவருக்கு ஆறுதலா, இல்லை இத்தனை வருஷம் சுமந்ததையும் அவரிடமிருந்து பிடுங்கிக்கொள்வதா? இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

கட்டுரையை மாற்றி எழுதினேன். அந்தப் பட்டியலில் உள்ள ஒரு பெயராவது தவறு என்று எனக்குத் தெரியவந்திருக்கிறது, எப்படித் தெரிந்தது என்பதைச் சொல்ல எனக்கு அனுமதி இல்லை என்று ஒரு பத்தி சேர்த்தேன். மூன்று தளங்களின் பட்டியலும் ஒரே பத்திரிகையிலிருந்து வந்தவை என்பதை விளக்கினேன். சார் ஓரத்தில் சிவப்பு மையில் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார். கூடவே, இந்தப் பத்தியை எதை நம்பி நாங்கள் ஏற்பது என்று எழுதியிருந்தார். நியாயமான கேள்வி. தேர்ச்சி பெறும் அளவுக்கு மதிப்பெண் வந்தது.

அது முடிந்து இரண்டு மாதம் இருக்கும். தறிக்கான பாவு நூலைத் தெரு நீளத்துக்கு விரித்திருந்ததால் வண்டிகள் சுற்றிக்கொண்டு போன ஒரு காலை நேரம். ஐயா ஐயம்பேட்டையிலிருந்து தனியாக வந்து எங்கள் பட்டறை வாசலில் நின்றார். அக்காவுக்கே அவர் வருவது தெரியாது. சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த கோடு போட்ட தாளை எடுத்து என்னிடம் கொடுத்தார். அவர் கையெழுத்து. குண்டு குண்டாக, தைத்த மாதிரி நேராக இருந்தது. இன்ன தேதியில் இன்ன பேருந்தில் என் அடையாள அட்டையோடு போய் இறந்தவர் என் தம்பி, அவர் பெயர் இது, நான் உயிரோடு இருக்கிறேன் என்று எழுதிக் கையொப்பம் போட்டிருந்தார். காய்ச்சலும் இல்லை, பயமும் இல்லை, சட்டையும் இல்லை.

ஏன் மனம் மாறினார் என்று அக்கா கேட்டார். தம்பியின் பெயர் எந்த இடத்திலும் இல்லையே, நான் போய்விட்டால் அப்படி ஒருத்தன் பிறந்ததற்கே அடையாளம் இல்லை என்று மட்டும் சொன்னார்.

தாளைப் படம் எடுத்து, தளத்தின் பக்கத்தில் விவரங்களைத் தட்டச்சு செய்து அனுப்பினேன். ஒரு வாரம், இரண்டு வாரம், ஒன்றும் வரவில்லை. அந்தத் தளத்தை யாராவது பார்க்கிறார்களா என்றே சந்தேகமாகிவிட்டது. ஐந்தாவது வாரம் இரண்டு வரியில் பதில் வந்தது. கடிதத்துக்கு நன்றி, பதிவில் குறிப்பு சேர்த்திருக்கிறோம் என்று.

ஐயாவை வரவழைத்து என் நாற்காலியில் உட்கார வைத்தேன். அக்கா பின்னால் நின்றார். பட்டியலைத் திறந்தேன். அவர் பெயர் இருந்த இடத்திலேயே இருந்தது. வயதும் தொழிலும் அப்படியே. கீழே சிறிய எழுத்தில், இந்த நபர் உயிரோடு இருப்பதாகவும் இறந்தவர் அவருடைய சகோதரர் என்றும் குடும்பத்தினர் தெரிவிக்கின்றனர் என்று ஒரு வரி, அதில் தம்பியின் பெயர்.

"என்ர பேரை ஏன் இன்னும் எடுக்கேல்லை?" என்றார் ஐயா.

அந்தக் காலத்தில் பதிவானதை அழிக்க மாட்டார்கள், பக்கத்தில் குறிப்புத்தான் எழுதுவார்கள் என்று நான் விளக்கினேன். எனக்கே அது சரியா என்று தெரியவில்லை. அவர் தலையை ஆட்டினார். அவருக்கு விளங்கியதா, இல்லை என் மனம் நோகக் கூடாது என்று ஆட்டினாரா என்றும் தெரியவில்லை. தெரிவிக்கின்றனர் என்றால் அவர்கள் நம்பவில்லையா என்று அக்கா கேட்டார். நான் அந்த வரியைத் திரையில் பெரிதாக்கிக் காட்டினேன்.

ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, திரையருகே குனிந்து தம்பியின் பெயரை எழுத்து எழுத்தாகப் படித்தார். பிறகு திரையில் விரலை வைத்து, இந்த இடத்தில் ழகரம் வர வேண்டும், ளகரம் போட்டிருக்கிறது என்றார். கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். அவர் சரியாகத்தான் எழுதியிருந்தார். அனுப்பும்போது நான் தப்பாகத் தட்டியிருக்கிறேன்.

அவர் முன்னாலேயே அந்தப் பக்கத்தைத் திறந்து, இன்னொரு திருத்தம் எழுதினேன். இந்த முறை அனுப்புவதற்கு முன் அக்காவும் ஐயாவும் ஆளுக்கொரு முறை படித்துப் பார்த்தார்கள். பதில் இன்னும் வரவில்லை.